குழாயில் ஷாக் அடித்த வீடும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும்: ஒரு சேவை மதிப்புரை

திருச்சி உறையூரில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளம் 1981இலும் மாடி 2004இலும் கட்டப்பட்டவை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக, அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றை வீட்டுக்கு அழைத்து வேலை வாங்கினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. பாராட்டோடு சில குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. மேலும், பெயரைவிட, இத்தகையவர்களை எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும் என்பதும், வந்தால் அவர்களிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதும்தான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அதுவரை எங்கள் வீட்டு மின்வேலை அனைத்தையும் பார்த்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அண்ணன். இருபது ஆண்டுப் பழக்கம். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் லுங்கியோடு வந்துவிடுவார். ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அவருடைய கைத்திறமையில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றுவதிலும் மோட்டார் ஸ்டார்ட்டரைச் சரிசெய்வதிலும் அவருக்கு இணை யாருமில்லை. ஆனால், கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் எங்கள் வீட்டில் தீர்த்துவைத்த மூன்று சிக்கல்களும் தீர்க்கப்படவில்லை, மறைக்கப்பட்டன என்பதை, அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

முதலாவது, சமையலறை. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய நாளிலிருந்து அந்த லைனின் 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் வந்து பார்த்து, “எம்சிபி வீக் ஆகிடுச்சு சார்” என்று சொல்லி 32 ஆம்பியர் எம்சிபியைப் போட்டார். அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை, நாங்களும் மகிழ்ந்தோம். இரண்டாவது, மழை. மழைக்காலத்தில் வீட்டின் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் கருவி, நள்ளிரவில் விழுந்து வீடு முழுவதும் இருளாகும். நான்காவது முறை அது நடந்தபோது, அந்தக் கருவியே கோளாறு என்று முடிவுசெய்து, அதைச் சுற்றிக்கொண்டு செல்லும்படி கம்பியை நேராக இணைத்துவிட்டுப் போனார். பெட்டியில் ஆர்சிசிபி அப்படியே நின்றது, வேலைதான் செய்யவில்லை. மூன்றாவது, மாடிக் குளியலறை. கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. அதற்கு அவர் டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியில் அந்த லைனின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டினார். சுருக்கும் நின்றது.

நின்றது என்றுதான் நினைத்தோம். ஐப்பசியில் ஒரு நாள் காலை, கீசரை அணைத்துவிட்டுக் குளிக்கப் போன என் மனைவி, குழாயில் கை வைத்தவுடன் அலறிக்கொண்டு வெளியே வந்தார். கீசர் ஓடும்போது அடிக்காத ஷாக், அணைத்த பிறகு அடிக்கிறது. எனக்கு மின்சாரம் பற்றிப் பள்ளிக்கூட அறிவுக்கு மேல் எதுவும் கிடையாது. ஆனாலும் அணைத்த பொருளில் மின்சாரம் இருக்கிறது என்றால் இது திருப்புளியோடு முடியும் காரியமில்லை என்பது புரிந்தது. கீழே மெயினை இறக்கிவிட்டு, உரிமம் உள்ளவர்களைத் தேடத் தொடங்கினேன்.

தேடுவதே முதல் தலைவலியாக இருந்தது. கடைப் பலகையில் எல்லோரும் எலக்ட்ரீஷியன்தான். தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் என்று தனித்தனித் தகுதிச் சான்றிதழ்கள் உள்ளன. உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடப்பதாகச் செய்தித்தாளில் வரும் சிறு அறிவிப்பை நாம் அனைவரும் படிக்காமல் தாண்டியிருப்போம். ஒப்பந்ததாரர் உரிமம் என்பது இவற்றுக்கு மேலான இன்னொன்று. அதில் ஈஎஸ்ஏ, ஈஏ, ஈஎஸ்பி, ஈபி என்று தரப்பிரிவுகள் உண்டு. வீட்டு வேலைக்கு இவற்றில் எந்தப் பிரிவானாலும் போதும். இந்த ஈபி, நாம் மின்வாரியத்தைச் சொல்லும் ஈபி அன்று. தொலைபேசியில் ஒருவர் “நாங்க ஈபி சார்” என்று சொன்னபோது நான் அவரை மின்வாரிய ஊழியர் என்று நினைத்து ஐந்து நிமிடம் குறுக்குவிசாரணை செய்தது தனிக்கதை. நான் அழைத்த மூவரில் இருவர் உரிமத்தின் நகலைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். மூன்றாமவர் கேட்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் செல்லுபடியாகும் தேதியும் இருந்தது. அவரையே வரச் சொன்னேன்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள். இது முதல் குறை. ஷாக் அடிக்கும் வீட்டில் இரண்டு நாள் என்பது, மாடிக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வாளியில் வெந்நீர் சுமக்கும் இரண்டு நாள். இந்த அவசரத்தைத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியும், அவர்கள் தம் அட்டவணையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் வந்த பிறகு நடந்தது நான் பார்த்திராத வகையான வேலை. ஒரு மேற்பார்வையாளரும் ஒரு வயர்மேனும் வந்தார்கள். முதல் ஒன்றரை மணிநேரம் ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. எந்தச் சாதனம், எத்தனை வாட், எந்த லைன், எப்போது விழும், மழையிலா வெயிலிலா, வீடு எப்போது கட்டியது, மாடிக்கு ஒயரிங் செய்தது யார் என்று மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு மெயினை இறக்கி, மெக்கர் எனப்படும் கருவியால் ஒவ்வொரு லைனின் காப்புத் திறனையும், அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறனையும், 500 வோல்ட்டில் அளந்தார். ஒரு லைன் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்றார். பெரும்பாலான லைன்கள் அதைவிடப் பல மடங்கு காட்டின. கீசர் காட்டியது 0.06.

அந்த எண்ணின் பொருளை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. 0.06 மெகா ஓம் என்றால் 60,000 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 4 மில்லி ஆம்பியர். கையில் சுருக்கென்று உணரும் அளவு அது. வெப்பமூட்டும் சுருளின் உறை அரித்துத் தண்ணீர் உள்ளே கசியத் தொடங்கியிருக்கிறது. இன்று 4 என்பது நாளை 40 ஆகலாம். சாதாரணமாக இந்தக் கசிவு எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போயிருக்கும், நமக்குத் தெரியவே வந்திருக்காது. ஆனால் 2004இல் ஒயரிங் செய்தவர் மாடிக் குளியலறை ஜங்ஷன் பாக்ஸில் எர்த் கம்பியை இணைக்காமல் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். பச்சைக் கம்பி, முனைகூடச் சீவப்படாமல், இருபது ஆண்டுகளாக அப்படியே இருந்தது. போகும் வழியில்லாத கசிவு கீசரின் உடலிலும் அதிலிருந்து வரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயிலும் நின்றுகொண்டு, யாராவது வந்து தொடட்டும் என்று காத்திருந்தது.

கம்பியை இடம் மாற்றிக் கட்டியதும் சுருக்கு ஏன் நின்றது என்று கேட்டேன். கசிவு சுருளின் ஒரு முனைக்கு அருகில் இருந்தது. கம்பிகளை மாற்றியபோது அந்த முனை நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) பக்கமாகிவிட்டது; கீசர் ஓடும்போது அங்கே வோல்டேஜ் குறைவு, அதனால் கை உணரவில்லை. ஆனால் அதே மாற்றத்தால் சுவிட்சும் எம்சிபியும் மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸைத் துண்டிப்பதற்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கத் தொடங்கின. சுவிட்சை அணைத்தால் சுருள் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். அதாவது, பாதுகாப்புக்காக நாங்கள் கீசரை அணைத்த ஒவ்வொரு முறையும் ஆபத்தைத்தான் அதிகமாக்கிக்கொண்டிருந்தோம். இதைக் கேட்டபோது எனக்கு வியர்த்தது.

எர்த் குழியை அளந்தபோது இன்னொரு வியப்பு. இரண்டு இரும்பு முளைகளை வாசல் மண்ணில் அடித்துக் கம்பி இழுத்து அளந்ததில் 38 ஓம் வந்தது. “குழி இருக்கிறதே, வருடத்துக்கு ஒருமுறை உப்பும் கரியும் போடச் சொல்கிறேனே” என்றேன். அவர் கணக்கை மட்டும் சொன்னார்: ஃபேஸ் கம்பி ஒன்று கிரைண்டரின் உடலில் நேராகப் பட்டாலும், 230ஐ 38ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும்; 16 ஆம்பியர் எம்சிபி அதை ஒரு சாதாரண சாதனம் ஓடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். எம்சிபி காப்பாற்றுவது கம்பியை. மனிதனைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. எங்கள் வீட்டில் அந்த ஒரே காவலைத்தான் மழையில் குரைக்கிறது என்று கட்டிப் போட்டிருந்தோம். மழையில் அது விழுந்ததற்குக் காரணத்தை வயர்மேன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்: மொட்டைமாடி விளக்கின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கருவி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றும் சேர்ந்து 20 ஆம்பியரைத் தாண்டும்; போட்டிருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. 32 ஆம்பியர் எம்சிபி போட்டதால் எம்சிபி விழாமல் கம்பி சூடாகியது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது காப்புறை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. அவ்வப்போது சமையலறையில் மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை வருவதாக, சுத்த சைவமான எங்கள் வீட்டில், மனைவி பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து வீட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். சூடேறும் பிளாஸ்டிக்கின் வாடை அது.

எதற்கு இவர்களை அழைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது எதிர்பாராத ஓர் இடத்தில். வேலைக்கு நடுவே, “ஹாலில் ஃபேன் ரெகுலேட்டரும் போய்விட்டது, அதையும் மாற்றிவிடுங்கள்” என்றேன். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, “அதுக்கு நாங்க எதுக்கு சார், உங்க அண்ணனையே கூப்பிடுங்க, சட்டமே விட்டிருக்கு” என்றார். பிறகு படித்துப் பார்த்தேன்; உண்மைதான். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்து, மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 29ஆவதாகத் தொடர்ந்த ஏற்பாட்டின்படி, புதிதாக இணைப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகிய மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஆனால் விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் போன்றவற்றை, அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் எவ்விதத்திலும் மாறாதபடி மாற்றிப் போடுவதற்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

கொள்ளளவும் தன்மையும் என்ற அந்த இரண்டு சொற்களை வைத்து எங்கள் வீட்டு வரலாற்றைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிறது. எரிந்துபோன எம்சிபிக்குப் பதிலாக அதே 16 ஆம்பியர் எம்சிபியைப் போட்டிருந்தால் அது மாற்றிப்போடும் வேலை. 32 போட்டது கொள்ளளவை மாற்றும் வேலை. ஆர்சிசிபியைச் சுற்றிக்கொண்டு போனதும், ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றியதும் தன்மையை மாற்றும் வேலை. புது ஏசிக்குத் தனி லைன் இழுப்பது, இன்வெர்ட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைப்பது, மின்சார வாகனத்துக்கு வாசலில் பிளக் வைப்பது எல்லாம் இந்தக் கோட்டுக்கு அப்பால்தான் வரும். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றுவது இங்கே அளவுகோல் ஆகாது. அண்ணன் செய்த மூன்று வேலைகளுமே சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகாதவை.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு; அதற்கு ஒப்பந்ததாரரும் உதவ மாட்டார். மீட்டர் வரையிலான பகுதி மின்வாரியத்துடையது; அதன் முத்திரையை வேறு யாரும் உடைக்கக் கூடாது. விளக்குகள் திடீரெனக் கண்ணைக் கூசும்படி எரிந்து, மின்விசிறி வேகமெடுத்தால், அல்லது மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில அறைகள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் ஆனால், எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று பொருள். உடனே மெயினை இறக்க வேண்டும். பிறகு பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அங்கும் அப்படியே என்றால் கோளாறு தெருக்கம்பத்தில் இருக்கிறது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்ல வேண்டியதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் அப்படி ஆகி நான்கு வீட்டுத் தொலைக்காட்சிகள் போயின. கம்பத்தில் ஜம்பர் எனப்படும் இணைப்புக் கம்பி ஒன்றைச் சரிசெய்ததும் தீர்ந்தது.

மொத்த வேலை மூன்று நாள் நடந்தது. புது எர்த் குழி ஒன்று தோண்டி 4 ஓமுக்குக் கொண்டுவந்தார்கள். இணைக்காமல் விட்டிருந்த எர்த் கம்பியை இணைத்தார்கள். கம்பிகளைப் பழையபடி மாற்றினார்கள். கீசர் சுருளை அதன் நிறுவன ஆள் வந்து மாற்றும்வரை அந்த லைனைத் துண்டித்தே வைத்தார்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்து, பழைய லைனில் வெந்துபோன பகுதியை மாற்றி மீண்டும் 16 ஆம்பியர் எம்சிபியையே வைத்தார்கள். பழைய ஆர்சிசிபி சோதனைப் பொத்தானை அழுத்தியும் விழாததால் புதியது பொருத்தினார்கள். முடித்தபின் எல்லா லைன்களையும் மறுபடி அளந்து, முன்பும் பின்பும் என்று எண்களை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். பொருள்களுக்கு 14,200 ரூபாய், கூலி 9,500 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 27,966 ரூபாய். அண்ணனிடம் இருபது ஆண்டுகளில் கொடுத்த மொத்தத் தொகையே இவ்வளவு வந்திருக்காது. கூலியில் பாதி, அளந்ததற்கும் யோசித்ததற்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது; அதைக் கொடுத்ததில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடங்களில். சுவரைக் கொத்திக் குழாய் பதித்த இடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பூச்சு வேலை தம்முடையதல்ல என்பதை மதிப்பீட்டுத் தாளில் சொல்லியிருக்கலாம். அந்தத் தாளும் அளவுகளின் அறிக்கையும் முழுக்க ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில் இருந்தன. எழுபத்தெட்டு வயதான என் தாயாரால் (வீட்டின் உரிமையாளர் அவர்தான்) அதில் எதையும் படிக்க முடியவில்லை. சுவிட்சுகள் அனைத்தையும் குறிப்பிட்ட ஒரு விலையுயர்ந்த வகைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை வற்புறுத்தினார்கள். பழையவை நன்றாக இருக்கும்போது ஏன் என்று கேட்டதும் விட்டுவிட்டார்கள். வயர்மேன் ஒருமுறை ரப்பர் கையுறையில்லாமல் டிபிக்குள் கைவிட்டதையும் பார்த்தேன். மெயின் இறங்கியிருந்தது என்றாலும், ஷாக் அடித்ததற்காக அழைக்கப்பட்டவர் அப்படிச் செய்தது எனக்கு ஒப்பவில்லை.

இதில் இந்த நிறுவனத்தின் குற்றமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்த இரவு, 2004இல் மாடிக்கு மின்னிணைப்பு கேட்டபோது கொடுத்த காகிதங்களைத் தேடி எடுத்தேன். ஒயரிங் முறைப்படி முடிந்து சோதிக்கப்பட்டது என்ற சான்றில், முத்திரையோடு, உரிமம் உள்ள ஓர் ஒப்பந்ததாரரின் கையொப்பம் இருந்தது. அவரை நான் பார்த்ததே இல்லை. மேஸ்திரி அழைத்துவந்த ஆட்கள் ஒயரிங் செய்தார்கள், கையொப்பம் எங்கிருந்தோ ஒரு தொகைக்கு வந்தது. அந்தத் தொகையைக் கொடுத்தவன் நான்தான். ஆகவே உரிமத்தின் நகலைக் கேட்பதோடு, அந்த உரிமத்துக்குரிய மேற்பார்வையாளர் வேலை நடக்கும் இடத்தில் நிற்கிறாரா, அளக்கும் கருவி பையிலிருந்து வெளியே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த முறை இரண்டும் நடந்தன. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவதற்கு அதுவே காரணம். குறைத்த ஒன்று தாமதத்துக்கும் பூசாத சுவருக்கும்.

தெரு அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு அந்த 0.06 என்ற எண்ணை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டு, மெக்கர் இப்போது என்ன விலை என்று விசாரித்தார். ஹாலின் ரெகுலேட்டரை அவர்தான் மாற்றினார். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை நானே அழுத்திப் பார்க்கிறேன். அடுத்த கோடையில் எர்த்தை மறுபடி அளக்க நிறுவனத்தாரை வரச் சொல்லியிருக்கிறேன். கொத்தனார்தான் இன்னும் வரவில்லை.